ஊதுகிற ஆள்

சென்ற மாதம் ஒரு டாக்டரம்மா என் வீட்டுக்கு வந்து, மாடி அறையின் காற்றை ஒரு பையில் பிடித்துக்கொண்டு போனார்.

வாடகைக்கு விட்டிருக்கும் அறை அது. அதன் குழாயைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஜன்னலைக் குறை சொன்னவர்கள் உண்டு. காற்றைச் சந்தேகித்தவர் இவர்தாம் முதல். என் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. தினமும் பெருக்கித் துடைத்துச் சாம்பிராணி போடும் வீட்டின் காற்றில் அப்படி என்ன குற்றம் கண்டார்களாம் என்று, டாக்டரம்மாவின் கார் தெருமுனை திரும்பியதும் என்னிடம் கேட்டாள்.

என்னைக் கேட்டு என்ன பயன்? முழங்காலுக்குப் பயந்து நான் அந்த மாடிப்படி ஏறியே வெகுநாள் ஆகிறது.

நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். சொல்லச் சலிப்பாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் நோயைப் பற்றிப் பேசாமல் ஒரு பொழுதும் கழிவதில்லை. மூட்டு, சர்க்கரை, கண்புரை, யாரோ ஒருவருக்குப் பத்தாம் நாள் காரியம்... வாரம் ஒரு முறை எழுதக் கிடைக்கும் இந்த இடத்திலாவது வேறொன்றைப் பேசலாம் என்று பார்த்தேன். வேறெதுவும் நெஞ்சில் நிற்கவில்லை.

மாடி அறையில் மூவர் குடியிருக்கிறார்கள். மூவருக்கும் ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஒரே கான்ட்ராக்டரின் கீழ், ஒரே லைனில் வேலை. பேச்சிமுத்துவும் மாரியும் தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள். சனிக்கிழமை வந்தால் சற்றுத் தள்ளாடிக்கொண்டு மாடியேறுவார்கள். பேச்சிமுத்துவின் கீழுதட்டுக்குள் எந்நேரமும் ஒரு புகையிலைப் பொட்டலம் இருக்கும். மற்றபடி குற்றம் சொல்ல முடியாத பிள்ளைகள்.

மூன்றாமவர் தனசேகர். வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர்; நாற்பதை நெருங்குகிறவர். நிலம் இருந்த குடும்பம்தான். இப்போது நிலம் இருந்த இடத்தில் ஒரு கிடங்கு இருக்கிறது. வாரம் முழுவதும் இங்கே தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் பார்க்கப் போய்விடுவார். குடி இல்லை, புகை இல்லை. வெற்றிலை கூடப் போட மாட்டார். தை மாதத்திலிருந்து அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. என்னவென்று கேட்டபோது, “ஒண்ணும் இல்ல சார், ப்ரெஸ் மிஷின் பக்கத்துல கத்திக் கத்திப் பேசறோம்ல, கட்டிக்கினு கீது” என்றார். என் மனைவி அதிமதுரம் இடித்துக் கொடுத்தாள். குடித்தார். குரல் வரவில்லை. அத்துடன் அதை எல்லாரும் மறந்துவிட்டோம்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் புற்றுநோய் முகாம் நடந்தது. சென்னையிலிருந்து ஒரு மருத்துவக் குழு வந்திருந்தது. மண்டபமும் மதியச் சாப்பாடும் தொழிற்சாலையின் பொறுப்பு. குத்துவிளக்கு ஏற்ற ஒரு கிழவர் வேண்டும் அல்லவா? பத்திரிகையில் எழுதுகிறவர் என்று என்னைப் பிடித்தார்கள். பொன்னாடையும் போர்த்தினார்கள். அந்த வெயிலில் பொன்னாடை — அதைவிடக் கொடிய மரியாதை ஒன்று உண்டா?

டாக்டரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு எளிய தமிழில் பேசினார். வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை — இந்த இடங்களில் வரும் புற்றுநோயை நாம் பெரும்பாலும் முற்றிய பிறகே கண்டுபிடிக்கிறோம் என்றார். வாய்க்குள் இருப்பதை டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். தொண்டைக்குக் கீழே ஒளிந்திருப்பதை அப்படிப் பார்க்க முடியாது. ஆனால் அங்கே ஒரு கட்டி தொடங்கும்போது, நாம் விடும் மூச்சில் சில ஆவிகள் கூடுகின்றன, சில குறைகின்றன. மூக்குக்குத் தெரியாத அந்த மாற்றம் கருவிக்குத் தெரியக்கூடும்.

தெரியக்கூடும் என்றுதான் சொன்னார். தெரியும் என்று சொல்லவில்லை. இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது, இதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட மாட்டோம், யாரை முதலில் அழைத்து நன்றாகப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவே என்றார். தொடக்கத்தில் பிடித்தால் குணமாக்கலாம். விட்டுவிட்டால் முதலில் குரல் போகும். பிறகு ஆளே போவார்.

கடைசியாக இன்னொன்றும் சொன்னார்: யாருடைய முடிவும் கம்பெனிக்குப் போகாது. மண்டபம் முழுதும் தலையாட்டியது. ஒருவரும் அதை நம்பவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் எல்லாருக்கும் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். அடுத்து ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, சாப்பாட்டுக் கூடத்தில் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, அதன் குழாயில் ஊதிக் கொடுக்க வேண்டும். எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் தெருப் பஜனை மடத்தில் சனிக்கிழமைதோறும் பாசுரம் சேவிக்கிறவன் நான். நீண்ட அடிகளை ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நெஞ்சு என்று உள்ளுக்குள் ஒரு கர்வம். பாதிப் பை நிறைவதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் பெண் பையை வாங்கிக்கொண்டு, “போதும் தாத்தா, மிச்சத்தை நீங்களே வெச்சுக்கோங்க” என்றாள்.

என் பாதி மூச்சில் ஒன்றும் இல்லை என்று சில வாரங்கள் கழித்துச் செய்தி வந்தது. மாடி அறைக்கோ மூன்று அழைப்புகள் வந்தன. பேச்சிமுத்து, மாரி, தனசேகர் — மூவரும் மருத்துவமனைக்கு வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூவரும் போகவில்லை. லைனில் அவசர ஆர்டர், ஓ.டி., லீவு போட்டால் சூப்பர்வைசர் முறைப்பார்... காரணத்துக்கா பஞ்சம்? அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவே ஒரு பிற்பகல் ஶ்ரீபெரும்புதூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டு வந்துவிட்டார்.

“மூணு பேருக்கும் ஒரே மாதிரி காட்டுது, சார். அப்படிக் காட்டவே கூடாது. மூணு பேரும் ஒரே ரூம்ல இருக்காங்க. அதான், ரூம்லயே ஏதாவது இருக்கான்னு பாக்க வந்தேன்” என்றார்.

பெயின்ட் அடித்தீர்களா, தின்னர் வைத்திருக்கிறீர்களா, கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா என்று அடுக்கினார். என் மனைவி நீர்மோர் கொடுத்தாள். முழுவதும் குடித்துவிட்டு, இது எந்தத் தண்ணீர் என்று கேட்டார். என் மனைவி டம்ளரை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

ஷிப்ட் முடிந்து வந்திருந்த மூவரும் சுவரோரம் நின்றார்கள். மாரிக்கு முகம் வெளுத்திருந்தது. தனசேகர் வாயே திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினார். அறைக் காற்றைப் பையில் பிடித்துக்கொண்டு புறப்படும்போது டாக்டரம்மா மூவரிடமும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார் — இது முடிவில்லை, ஒன்றும் இல்லாமலும் போகலாம், ஆனால் எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவு நல்லது. அடுத்த வாரம் வருகிறோம் என்றார்கள். அந்த ‘அடுத்த வாரம்’ எந்த வாரம் என்று டாக்டர்களுக்கும் தெரியும், வீட்டுக்காரர்களுக்கும் தெரியும்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பேச்சிமுத்து மட்டும் இறங்கி வந்தான். வாசலிலேயே நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஐயா, ஒரு சங்கதி சொல்லணும். ஆனா கம்பெனிக்குப் போவக் கூடாது.”

அந்தக் கம்பெனியில் எனக்கு யாரைத் தெரியும்? சொல் தம்பி என்றேன்.

“அந்தப் பையில நான் ஊதல. மாரியும் ஊதல.”

பின்னே யார்?

“தனசேகரண்ணன்தாம். மூணு பையும்.”

எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான்.

தொழிற்சாலை வாசலில் நடக்கும் ஒரு வழக்கம் அது. வேன் வந்து நிற்கும். செக்யூரிட்டி கையில் ஒரு சிறு கருவியோடு வந்து ஊதச் சொல்வார். முந்தைய இரவின் குடி இன்னும் மூச்சில் மிச்சமிருந்தால் கருவி சிவந்துவிடும். சிவந்தால் அன்றைக்கு வேலை இல்லை. மறுபடியும் சிவந்தால் கேட் பாஸே இல்லை. ஆனால் ஷிப்ட் மாறும் அவசரத்தில், வேன் நிறைய வந்திறங்கும் அத்தனை பேரையும் ஊதச் சொல்ல யாருக்குப் பொழுது இருக்கிறது? முதலில் இறங்குகிறவர் ஊதினால் போதும், வேனே பரிசுத்தம். ஆகவே ஒவ்வொரு வேனிலும் ஓர் ‘ஊதுகிற ஆள்’ உண்டு. கதவோரச் சீட் அவருக்கு. டீ வாங்கிக் கொடுப்பது மற்றவர்கள். இவர்கள் வேனுக்கு ஊதுகிற ஆள் தனசேகர்.

முகாமுக்கு முந்தைய நாள் சனிக்கிழமை. வழக்கம்போல் இவர்கள் இருவரும் தள்ளாடியிருக்கிறார்கள். மண்டபத்துக்குக் காசு கொடுத்தது கம்பெனி. வாசலில் நின்று ஆள் எண்ணியது சூப்பர்வைசர். டாக்டரம்மா புற்றுநோய்க்கு என்றுதான் சொன்னார் — அது இவர்களுக்கும் புரிந்தது. புரிந்த பிறகுதான் அதிகம் பயந்திருக்கிறார்கள்.

“கேன்சரயே மோந்து பாக்கிற மிசினு குவாட்டர மோந்து பாக்காதா, ஐயா?”

முகாமில் ஊதச் சொல்வார்கள் என்று முன்பே கேள்விப்பட்டு, ஊருக்குப் போக வேண்டிய தனசேகரை அந்த ஞாயிறு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் இருந்தார். சாப்பாட்டுக் கூடத்தின் தூண் மறைவில் தமக்கு ஒன்று, தம்பிமார்களுக்கு இரண்டு என்று மூன்று பைகளையும் ஊதிக் கொடுத்திருக்கிறார்.

“டாக்டரம்மா வந்துட்டுப் போனதும் மொதல்ல சந்தோசமாத்தாம் இருந்துச்சு. அது நம்ம மூச்சு இல்லல்லா, நமக்கு ஒண்ணுமில்லன்னு. சாப்புட்டுத் தட்டக் கழுவும்போதுதாம் ரோசன வந்துச்சு ஐயா...” என்றவன், மாடியை அண்ணாந்து பார்த்தான். “அப்பம் அது யாரு மூச்சு?”

கோபித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, கோபத்துக்கு வேண்டிய தெம்பு இப்போதெல்லாம் எனக்கு எளிதில் கூடுவதில்லை. மேலும், மூச்சை இரவல் கொடுப்பது எனக்குப் புதிய செய்தியா? மடத்தில் நாங்கள் பாசுரம் சேவிக்கும்போது ஒருவருக்கு நடு அடியில் மூச்சு முட்டும். அவர் நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் அந்த அடியை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்வார். கேட்பவர்களுக்குப் பாட்டு அறுபடாமல் போய்க்கொண்டிருக்கும். யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்று பெருமாள் கணக்கெடுக்கிறாரா என்ன? தனசேகர் செய்ததும் இதைத்தான். என்ன... அங்கே கேட்டுக்கொண்டிருந்தது பெருமாள் இல்லை, கருவி.

இன்னொன்றையும் நினைத்துச் சலித்துக்கொண்டேன். இந்தக் காலத்தில் மனிதனிடம் எல்லாரும் அவன் உடம்பைத்தான் கேட்கிறார்கள். ரேஷன் கடையில் விரலைக் கேட்கிறார்கள். வங்கியில் முகத்தைக் கேட்கிறார்கள். கேட்டில் மூச்சைக் கேட்கிறார்கள். கேட்பதெல்லாம் தண்டிப்பதற்கே என்று பழகிப்போனவனிடம், ஒரு நாள் ஒருவர் காப்பாற்றுவதற்காகக் கேட்கிறார். அவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? பயந்தவன் கொடுக்கும் மூச்சு பிறருடையதாகத்தான் இருக்கும்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“சாப்பிடக் கூடாது, டீ குடிக்கக் கூடாது, வாய் கொப்பளிக்கணும், எல்லாம் சொன்னேன் சார். அவங்கவங்க பையை அவங்கவங்களே ஊதணும்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை” என்றார். பிறகு குரல் மாறியது. “அந்த மூணாவது ஆள்... அவர் குரல் எப்படி இருக்கு சார்?”

சொன்னேன்.

“தை மாசத்துலேர்ந்தா? நேத்து நான் வந்தப்போ அவர் பேசவே இல்லையே. நாளைக்கே கூட்டிட்டு வாங்க.”

தனசேகரிடம் யார் சொல்வது? பேச்சிமுத்து என்னைப் பார்த்தான். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். இதற்கிடையில் தனசேகரே, கையில் பால் பாக்கெட்டோடு தெருவிலிருந்து ஏறி வந்துவிட்டார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

“எனக்கு நேத்தே தெரியும் சார்” என்றார், அந்தக் கரகரத்த குரலில். “மூணு பேருக்கும் ஒரே மாதிரின்னு அந்தம்மா சொல்ச்சி பாருங்க, அப்பவே தெரிஞ்சிபோச்சி. நான்தான ஊதினேன்?”

பிறகு ஏன் வாய் திறக்கவில்லை?

“இன்னா சார் பண்றது? சொன்னாலும் சரி, நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, விசயம் வெளிய வந்து இவனுங்க பாஸைப் புடுங்கிடுவானுங்க. இந்தப் பையன் வூட்ல தங்கச்சிக் கல்யாணம் கீது. இன்னும் கன்பார்ம் இல்லன்னு அந்தம்மாவே சொல்ச்சே... ரெண்டு மாசம் போவட்டும்னு பாத்தேன்.”

“எண்ணே, நீ என்ன லூசாண்ணே?” என்றான் பேச்சிமுத்து. பால் பாக்கெட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

நான் தனசேகரைப் பார்த்தேன். நோய் ஒரு பக்கம் இருக்கட்டும்; அந்த இரண்டு மாதத்தைத் தம்பிமார்களுக்காகத் தூக்கிக் கொடுக்க அவர் ஆயத்தமாக இருந்தாரே, அதை என்னவென்று சொல்வது? பக்தி நூல்களில் இப்படிப்பட்டவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். படிக்கும்போது கண் கசியும். வாடகைக்குக் குடியிருக்கும்போது, பயமாக இருக்கிறது.

மறுநாள் மருத்துவமனைக்கு நால்வராகப் போனோம். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார்கள். குரல் நாணின் ஓரத்தில் அரிசிக் குருணை போல் ஒரு வெள்ளைத் தடிப்பு. துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது — அதுதான். ஆனால் தொடக்கம், நாணைத் தாண்டி எங்கும் போகவில்லை.

ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவருக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டேன். எல்லாரும் கேட்கும் கேள்விதான். அப்படியும் வரும் சார் என்றார் டாக்டரம்மா. எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. ஒழுக்கத்துக்கும் உடம்புக்கும் உள்ள ஒப்பந்தத்தை நாம்தான் எழுதிக்கொண்டோம் போலிருக்கிறது. மறுதரப்பு கையெழுத்திடவே இல்லை.

பேச்சிமுத்துவையும் மாரியையும் அங்கேயே மறுபடி ஊத வைத்தார்கள் — டாக்டரம்மாவின் கண் முன்னால். அந்த மூச்சுகளில் நோயின் குறிப்பு இல்லை. உதட்டுப் பொட்டலத்தை விடாவிட்டால் குறிப்பு வரும் நாள் தூரமில்லை என்று பேச்சிமுத்துவுக்குத் தனியாக ஒரு வசவும் கிடைத்தது. கம்பெனிக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. டாக்டரம்மா மண்டபத்திலேயே அதைச் சொன்னார் அல்லவா? சொன்னவர் சொன்னபடியே நடந்துகொண்டதை மாரியால் இன்னும் நம்ப முடியவில்லை.

தனசேகருக்கு இப்போது கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. வாரத்தில் ஐந்து நாளும் போய் வர வேண்டும். இவர்கள் இருவரும் ஷிப்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு துணைக்குப் போகிறார்கள். ஊரிலிருந்து அவர் மனைவி மகளோடு வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்; பிறகு எழுந்து எல்லாருக்கும் ரசம் வைத்தாள். இப்போது தொண்டை புண்ணாகி, அவரால் பேச முடியவில்லை. சைகைதான். தடிப்பு கரைகிறது, பெரும்பாலும் குரல் திரும்பிவிடும் என்கிறார் டாக்டரம்மா. பெரும்பாலும்... அவர் எதையும் முழுதாகச் சொல்ல மாட்டார். அதனாலேயே அவரை நம்புகிறேன்.

போன சனிக்கிழமை, நான் கோயிலுக்குக் கிளம்பும்போது பேச்சிமுத்துவும் வருகிறேன் என்றான். அவன் குலதெய்வம் சாஸ்தா. எங்கள் பெருமாள் கோயிலுக்குள் அவன் நுழைந்ததே அதுதான் முதல் தடவை. தேங்காய் பழத் தட்டை அவனே வாங்கினான். சந்நிதியில் அர்ச்சகர் பெயர் கேட்டார். தனசேகர் என்றான். நட்சத்திரம் கேட்டார். கேட்டை என்றான், சற்றும் யோசிக்காமல். அர்ச்சனை ஆயிற்று. தீர்த்தம் வாங்கினோம்.

கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டு எழுந்தவன், எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டான்.

“ஐயா, அண்ணன் நட்சத்திரம் எனக்குத் தெரியாது. ஐயர் படக்குன்னு கேக்கவும் என் நட்சத்திரத்தச் சொல்லிட்டேன். பேரு அவருது, நட்சத்திரம் என்னது... செல்லுமா ஐயா?”

செல்லும் என்றேன். டாக்டரம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றேன்.